போஸ்டிங் அனுப்பும் நர்சிங் கல்லூரிகளுக்கு, ஒரு பி.எச்.சி. நர்ஸ் எழுதும் மடல்

நர்சிங் கல்லூரி முதல்வர்களுக்கும், போஸ்டிங் ப்ளான் போடும் மேடம்களுக்கும், அதற்கு ஒப்புதல் தரும் நர்சிங் கவுன்சில், பல்கலைக்கழகப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

நான் டெல்டா பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில், அதாவது பி.எச்.சி.யில், ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். இதற்கு முன்னால் ஒரு அரசு மருத்துவமனை, அதற்கும் முன்னால் ஒரு தனியார் மருத்துவமனை. மூன்று இடத்திலும் உங்கள் மாணவிகளும் மாணவர்களும் போஸ்டிங், அதாவது வேலை பழகும் பயிற்சிக்கு, வந்து போவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். சமீபத்தில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுப்போக வந்த ஒரு ஆசிரியை, பேச்சுவாக்கில், "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு நாலு இடத்துக்குப் போய் வேலை பாக்கவே பிடிக்கறதில்ல சிஸ்டர், எல்லாருக்கும் ஏசி போட்ட ஒரே ஹாஸ்பிடல்தான் வேணும்" என்றார். இதே பேச்சை வேறு கல்லூரிக்காரர்களிடமும் கேட்டிருக்கிறேன், கூட்டங்களில் கேட்டிருக்கிறேன், எங்கள் சீனியர் நர்ஸ்களே சொல்லியும் கேட்டிருக்கிறேன். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஏன் என்று விவரமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பிள்ளைகளுக்கு இடம் மாறிப் போவது பிடிக்காமல் இல்லை. போன இடத்தில் தாங்கள் யாருக்கும் வேண்டாதவர்களாக நிற்பதுதான் பிடிக்கவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, மனப்பான்மை சரியில்லை, பொறுமை இல்லை, செல்போன் கெடுத்துவிட்டது என்று அவர்கள் மேல் பழியைப் போட்டுவிட்டால் நம் வேலை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அந்தப் பிள்ளைகளோடு பத்து நிமிடம் உட்கார்ந்து டீ குடித்துப் பேசினால் அவர்கள் சொல்வது வேறாக இருக்கும்.

ஒரு அரசு மருத்துவமனை மெடிக்கல் வார்டைச் சொல்கிறேன். காலை ஏழரை, எட்டு மணி. ஒரே வார்டில் நான்கு கல்லூரிப் பிள்ளைகள், நான்கு நிறத்தில் யூனிஃபார்ம். நைட் டியூட்டி சிஸ்டர் ஓவர் கொடுத்துக்கொண்டிருப்பார், அதாவது நோயாளிகளின் நிலையைச் சொல்லி அடுத்த ஷிஃப்டிடம் ஒப்படைப்பார், அதைக் கேட்கலாம் என்று பக்கத்தில் போனால் "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்பார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, அத்தனை நோயாளிகளை வைத்துக்கொண்டு இரண்டு பேர் டியூட்டி பார்க்கிறார்கள். பிள்ளைகள் சுவர் ஓரமாகப் போய் நிற்பார்கள். அப்புறம் ஆளுக்கொரு பி.பி. பார்க்க வேண்டும், ஏனென்றால் ரெக்கார்டில் எழுத வேண்டும். மூச்சுத்திணறலோடு படுத்திருக்கிற ஒரு தாத்தாவின் கையில் ஒரு கல்லூரிப் பெண் கஃப் கட்டிக் காற்றடித்துவிட்டுப் போவாள், ஐந்து நிமிடத்தில் அடுத்த கல்லூரிப் பெண் வருவாள், பிறகு இன்னொருத்தி. அவர் கையை இழுத்துக்கொண்டு, "இப்பதானம்மா ஒரு புள்ள பாத்துட்டுப் போச்சு, விடுங்களேன்" என்பார். அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கிப் போகும். அன்று முழுக்க அவள் இன்னொரு நோயாளி பக்கத்தில் தானாகப் போக மாட்டாள். மதியம் வேன் வரும், ஏறிப் போய்விடுவாள். இரவு ஹாஸ்டலில் உட்கார்ந்து அந்தத் தாத்தாவைப் பற்றி ஒரு கேர் ப்ளான் எழுதுவாள், பாதி பழைய சீனியரின் நோட்டைப் பார்த்து.

இவளிடம் போய் "ஜி.எச். போஸ்டிங் பிடிக்குமா" என்று கேட்டால் என்ன சொல்வாள்?

இந்த நிலை எப்படி வந்தது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இந்தியாவில் நர்சிங் பள்ளி முதலில் தொடங்கியதே நம் சென்னை பொது மருத்துவமனையில்தான், 1871-ல். அந்தக் காலத்திலும், அதற்குப் பின் வெகு நாளும், எந்த மருத்துவமனையில் படித்தார்களோ அங்கேயே தங்கி அங்கேயே வேலை கற்றுக்கொண்டார்கள். வார்டு சிஸ்டர்தான் டீச்சர். அதில் சுரண்டல் இருந்தது, படிப்பைவிட வேலை வாங்குவதுதான் அதிகம், அதையெல்லாம் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளை அந்த இடத்துக்குச் சொந்தமானவளாக இருந்தாள். இப்போது கல்லூரிகள் பெருகிவிட்டன. கல்லூரியின் சொந்த மருத்துவமனை, அதாவது பேரன்ட் ஹாஸ்பிடல், 100 படுக்கையாவது இருக்க வேண்டும் என்று விதி, ஆனால் அந்த 100 படுக்கையில் எல்லா வகை நோயாளியும் இருக்க மாட்டார்கள். சில இடங்களில் படுக்கை இருக்கும், ஆள் இருக்க மாட்டார்கள். பிரசவம் அங்கே போதாது, குழந்தைகள் வார்டு அங்கே கிடையாது, மனநலத்துக்கு வேறு ஊர். அதனால் வேறு மருத்துவமனைகளில் பயிற்சிக்கு அனுமதி, அதாவது அஃபிலியேஷன், வாங்கி, பணம் கட்டி, வெளியே அனுப்புகிறோம். அதாவது, பெரும்பாலான கல்லூரிகளில் பல இடத்துக்குப் பிள்ளைகளை அனுப்புவது நம்மிடம் கேஸ் இல்லை என்பதால் வந்த வழக்கம். அங்கே போய்க் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது என்று யோசித்து வந்ததில்லை. பிள்ளைகள் விவரமானவர்கள், இது அவர்களுக்கு முதல் வருடத்திலேயே புரிந்துவிடுகிறது. "ரிக்வயர்மென்ட் முடிக்கப் போறோம்" என்றுதான் அவர்களே சொல்கிறார்கள். இத்தனை பிரசவம் பார்க்க வேண்டும், இத்தனை கேஸ் ஸ்டடி, இத்தனை வீட்டு விசிட், ஒவ்வொன்றுக்கும் ஒரு கையெழுத்து. கையெழுத்து வாங்கத்தான் அனுப்புகிறார்கள் என்று நினைக்கிற பிள்ளை, கையெழுத்து கிடைத்ததும் கிளம்பத்தான் பார்ப்பாள்.

ஆனால் பல இடத்தில் வேலை பார்த்தால்தான் நர்ஸ் ஆக முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன், என் அனுபவத்தில் அதை ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். ஏனென்றால் நம் நோயாளி ஒரே இடத்தில் இருப்பதில்லை. எங்கள் பி.எச்.சி.யில் சர்க்கரை என்று கண்டுபிடிக்கப்படுகிற அம்மா, காலில் புண் வந்ததும் தாலுகா ஆஸ்பத்திரி போகிறார், அங்கிருந்து மெடிக்கல் காலேஜ், பிறகு காப்பீட்டுத் திட்ட அட்டையை வைத்துத் தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன். எல்லாம் முடிந்து ஒரு துணிப்பை நிறைய ரிப்போர்ட்டும் எக்ஸ்ரேவும் டிஸ்சார்ஜ் சம்மரியும் எடுத்துக்கொண்டு திரும்ப எங்களிடமே வந்து, "இதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லும்மா" என்று மேஜையில் வைக்கிறார். ஒரு கட்டடத்தை மட்டும் பார்த்த நர்ஸுக்கு இந்த அம்மாவின் கதையில் ஒரு பக்கம்தான் தெரியும்.

என்னோடு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்த கெட்டிக்கார நர்ஸ்கள் உண்டு. வென்டிலேட்டர் அலாரம் அடித்தால் ஓடிப்போய் எது என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். ஆனால் இன்ஃபியூஷன் பம்ப் இல்லாத ஒரு வார்டில் 500 மி.லி. சலைனை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று கேட்டால் தடுமாறுவார்கள். சாதாரண ஐ.வி. செட்டில் ஒரு மி.லி.க்கு 20 சொட்டு, கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 21 சொட்டு, கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணி விட வேண்டும். ஜி.எச்.சில் இரண்டு வாரம் இருந்த பிள்ளைக்கு இது கை வந்துவிடும். அதே போல ஜி.எச். பிள்ளைக்கு, மருந்து கொடுக்கும் முன் நோயாளியின் பெயரையும் கைப்பட்டையையும் சரிபார்ப்பது, அவசர மருந்துகள் இருக்கும் கிராஷ் கார்ட்டை ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் எண்ணி வைப்பது போன்ற பழக்கம் நல்ல தனியார் மருத்துவமனையில்தான் ஊறும். ஒன்று உசத்தி, ஒன்று மட்டம் என்று சொல்ல வரவில்லை.

பி.எச்.சி.யை எடுத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கிற நிலையங்களில் ஷிஃப்டுக்கு ஒரு ஸ்டாஃப் நர்ஸ்தான். ராத்திரி இரண்டு மணிக்கு நிறைமாதக் கர்ப்பிணி பி.பி. ஏறி, தலைவலி, கண் மங்கல் என்று வந்து, கொண்டுவந்து படுக்க வைக்கும்போதே ஜன்னி வந்துவிட்டால், டாக்டரிடம் போனில் சொல்லிக்கொண்டே மெக்னீசியம் சல்பேட்டை உடைக்கிறவள் நர்ஸ்தான். மொத்தம் 10 கிராம், இடுப்பில் இந்தப் பக்கம் ஐந்து ஆம்பியூல், அந்தப் பக்கம் ஐந்து ஆம்பியூல், போட்டுவிட்டுத்தான் 108-ல் ஏற்ற வேண்டும். ஏற்றும்போது எத்தனை மணிக்கு எவ்வளவு போட்டேன் என்று ரெஃபரல் சீட்டில் எழுத வேண்டும், இல்லாவிட்டால் மெடிக்கல் காலேஜில் இருப்பவர்களுக்குத் தெரியாது. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் நான்கு டாக்டர், ஆறு சிஸ்டர் இருக்கிற லேபர் வார்டில் மட்டும் நின்று பழகிய பிள்ளைக்கு, தான் ஒருத்தியே முடிவெடுக்க வேண்டிய அந்த ராத்திரி எப்படி இருக்கும் என்று கற்பனையே இருக்காது. பிறகு அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்.ஆர்.பி.யில் தேர்வாகி முதல் வேலையே அப்படி ஒரு பி.எச்.சி.யாக வந்து, பயந்துபோய் எங்களுக்கு நடுராத்திரியில் போன் செய்த தங்கைகள் உண்டு.

இன்னொன்று சொல்ல வேண்டும். எங்கள் பி.எச்.சி.யின் கீழ் இருக்கிற துணை சுகாதார நிலையமான சப் சென்டரின் வி.எச்.என். (கிராம சுகாதார செவிலியர்) அக்காவோடு ஒரு மூன்றாம் வருட மாணவி வீட்டு விசிட் போயிருந்தாள், நானும் அன்று ஒரு படுத்த படுக்கையான நோயாளியைப் பார்க்கக் கூடப் போனேன். கூரை வீடு. அந்தப் பெரியவருக்கு இரண்டு வேளை இன்சுலின். மாணவி கற்றுக்கொண்டபடி அழகாகச் செய்தாள், பேப்பர் விரித்து அதன் மேல் பையை வைத்து, வெளிப்பையிலிருந்து சோப்பும் துண்டும் எடுத்துக் கை கழுவி, எல்லாம் முறையாக. பிறகு "இன்சுலினை ஃப்ரிட்ஜில் வைக்கணும் தாத்தா" என்று சொன்னாள். அந்த வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. வி.எச்.என். அக்கா அவளை வீட்டு மூலைக்கு அழைத்துப் போய்க் காட்டினார். மண்பானையில் ஈர மணல், அதற்குள் மூடி போட்ட ஒரு சின்ன டப்பா, டப்பாவுக்குள் இன்சுலின் குப்பி. "காலைல சாயங்காலம் மணல்ல தண்ணி தெளிக்கணும், வெயில் படக்கூடாது, அவ்வளவுதான்" என்றார் அக்கா. அந்தப் பெண் பானைக்குள் கையை விட்டுப் பார்த்தாள், சில்லென்று இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் கேள்வி மேல் கேள்வி. மழைக்காலத்தில் என்ன செய்வார்கள், தேதி முடிந்ததை எப்படிக் கண்டுபிடிப்பார்கள், ஊசியை எங்கே போடுகிறார்கள். அதற்கு முந்தின வாரம் வரை அவள் ஃபீல்டுக்கு வரவே முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தவள்தான். அவள் மனப்பான்மை மாறியது யாரும் லெக்சர் எடுத்து இல்லை. அங்கே ஒரு அக்கா அவளைக் கூட வைத்துக்கொண்டார், அவ்வளவுதான் காரணம்.

மனநலப் போஸ்டிங்கும் அப்படித்தான். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794-ல் தொடங்கியது, தமிழ்நாட்டில் எத்தனையோ நர்ஸ்கள் அங்கே போய்ப் படித்தவர்கள்தான். வெளியூர்ப் பிள்ளைகள் போகும் முன் அழுவார்கள், வீட்டில் பயப்படுவார்கள், சினிமாவில் பார்த்ததையெல்லாம் நினைத்துக்கொள்வார்கள். போஸ்டிங் முடிந்து வரும்போது அதே பிள்ளைகள், அங்கே இருக்கிற ஒரு அம்மா தலைவாரிவிடச் சொன்னதை, பாட்டுப் பாடியதை, கிளம்பும் நாளில் கையைப் பிடித்துக்கொண்டதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள். ஆக, போகும் முன் இருக்கிற பயத்தை வைத்து அவர்களை எடைபோட்டால் தப்பாகிவிடும், வந்த பிறகும் கேட்க வேண்டும். உங்களில் எத்தனை கல்லூரி, போஸ்டிங் முடிந்ததும் பிள்ளைகளை உட்கார வைத்து, அங்கே என்ன நடந்தது, யார் சொல்லிக் கொடுத்தார்கள், எங்கே அவமானப்பட்டீர்கள் என்று கேட்கிறீர்கள்? ரெக்கார்டு நோட்டைத் திருத்துவது வேறு, நான் அதைச் சொல்லவில்லை.

அடுத்து நான் சொல்லப் போவதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது, இதைப் படிக்கிற கவுன்சில் பெரியவர்கள் தயவுசெய்து இந்த இடத்தில் நிதானமாகப் படிக்க வேண்டும். வெளி இடத்துக்குப் போஸ்டிங் போன பிள்ளைக்கு ஊசி குத்திவிட்டால் அவள் யாரிடம் சொல்ல வேண்டும்? நான் ஜி.எச்.சில் இருந்தபோது வேறொரு கல்லூரிப் பெண், நோயாளிக்குப் போட்ட ஊசியை மூடப் போய் விரலில் குத்திக்கொண்டாள். பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள்தான் அவள் தோழி என்னிடம் வந்து காதோடு சொன்னாள். வார்டு இன்சார்ஜிடம் போனால் "உங்க காலேஜ்ல சொல்லும்மா" என்றார். கல்லூரியில் கேட்டால் "அங்க ஆஸ்பத்திரில ரிப்போர்ட் பண்ணச் சொல்லுங்க" என்றார்கள். நடுவில் அந்தப் பெண் நின்றாள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தவரை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் நல்லது, 72 மணி நேரத்துக்கு மேல் போனால் பயன் இல்லை என்பது நாம் எல்லோரும் பரீட்சைக்கு எழுதியதுதான். எழுதியதற்கு என்ன பலன், அந்தப் பெண் மணிக்கணக்கில் ரெக்கார்டு எழுதிக்கொண்டிருந்தாள். நல்லவேளையாக எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. சென்டரில் இருந்த கவுன்சலர் உடனே பார்த்து ஆக வேண்டியதைச் செய்தார். ஒவ்வொரு போஸ்டிங் இடத்துக்கும் ஒரு பெயர், ஒரு போன் நம்பர், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் போட்டு முடித்ததற்கான சான்று, ஊசி குத்தினால் முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு சீட்டு, இது இல்லாமல் ஒரு பிள்ளையைக்கூட வேனில் ஏற்றக் கூடாது. இதற்குப் பணம் செலவாகாது.

மற்றவை உங்களுக்கே தெரிந்த விஷயங்கள்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, ஹாஸ்டலில் டிபன் ரெடியாவதற்கு முன் கிளம்பி, ஒன்றரை மணி நேரம் வேனில் வந்து இறங்குகிற பிள்ளைக்கு உடை மாற்ற இடம் இல்லை, பையை வைக்க இடம் இல்லை, பூட்டிக் கிடக்காத கழிவறை இல்லை. மாதவிடாய் நாட்களில் அவர்கள் படும் பாட்டை அவர்களே சொல்ல மாட்டார்கள், தண்ணீரே குடிக்காமல் சமாளிப்பார்கள். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவருக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு, நைட் போஸ்டிங் என்றாலே பெற்றோர் நடுங்குகிறார்கள், அது நியாயமான பயம். ஆண் மாணவர்களின் பாடு வேறு. லேபர் வார்டில் வெளியே நிறுத்தப்படுகிறார்கள், வீட்டு விசிட்டில் வாசலில் நிறுத்தப்படுகிறார்கள், ஆனால் நோட்டில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கணக்கு.

பிறகு வேலை, சம்பளம். இதைப் பேசாமல் மனப்பான்மையைப் பற்றி மட்டும் பேசினால் அது முழுசாகாது. "சப் சென்டர்ல கத்துக்கிட்டு என்னக்கா பண்றது, வெளிநாட்டுக்கு அப்ளை பண்ணா 100 பெட் ஹாஸ்பிடல்ல ரெண்டு வருஷம் இருந்தியான்னுதான் கேக்குறாங்க" என்று ஒரு நான்காம் வருடப் பெண் என்னிடம் கேட்டாள். அவள் கேட்பதில் என்ன தப்பு? கல்விக் கடன் இருக்கிறது, தம்பி படிக்கிறான், அப்பா விவசாயக் கூலி. இங்கே 2021-ல் இடைநிலை சுகாதாரப் பணியாளர் என்று 4,848 இடங்களை அறிவித்தார்கள், சப் சென்டர் அளவில் நர்ஸ்கள் சுயமாக வேலை பார்க்கக் கிடைத்த அருமையான வாய்ப்பு அது. ஆனால் ஒப்பந்தம், மாதம் 14,000 ரூபாய். எம்.ஆர்.பி. நர்ஸ்கள் 2015-ல் சேர்ந்தபோது 7,700 ரூபாய்க்கு வேலை பார்த்ததும், 2017 நவம்பரில் சென்னையில் அரசு மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடியதும் இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும், அதில் சிலருடைய அக்காக்களே இருந்தார்கள். ஊர்ப்புற வேலைக்கு மதிப்பும் இல்லை, நிரந்தரமும் இல்லை என்று அரசாங்கமே காட்டிவிட்டு, பிள்ளைகள் ஊர்ப்புறப் போஸ்டிங்கை விரும்பவில்லை என்று ஆச்சரியப்படக் கூடாது.

சரி, என்ன செய்யலாம்?

வேலூர் சி.எம்.சி.யில் நர்சிங் கல்லூரியே தன் பொறுப்பில் சில ஊர்களை வைத்துக்கொண்டு சமுதாய நலப் பணி நடத்துகிறது. அங்கே பிள்ளைகள் விருந்தாளியாகப் போவதில்லை, அது அவர்கள் கல்லூரியின் வேலை. அவ்வளவு பெரிய நிறுவனத்தின் வசதி எல்லோருக்கும் கிடையாது, தெரியும். ஆனால் ஒரு கல்லூரி ஒரு பி.எச்.சி.யையும் அதன் கீழ் இருக்கிற இரண்டு மூன்று சப் சென்டர்களையும் வருடா வருடம் மாற்றாமல் வைத்துக்கொள்ளலாமே. சமவெளியில் ஒரு சப் சென்டருக்கு ஏறக்குறைய 5,000 மக்கள். முதல் வருடத்தில் சர்வே எடுத்த தெருவுக்கே மூன்றாம் வருடத்தில் விசிட் போனால், அப்போது கர்ப்பமாக இருந்த பெண்ணின் குழந்தைக்கு இப்போது தடுப்பூசி போட்டார்களா என்று பார்க்கலாம். இப்போது நடப்பது என்ன? ஒவ்வொரு வருடமும் வேறு ஊர், வேறு சப் சென்டர், ஒரே மாதிரி சர்வே ஃபார்ம், அதே கேள்வி, அந்த ஊர் மக்களுக்கே அலுத்துப்போய், "போன மாசம்தான் வேற காலேஜ் வந்து எழுதிக்கிட்டுப் போச்சு" என்கிறார்கள்.

இடங்களைக் குறையுங்கள், நாட்களைக் கூட்டுங்கள். ஒரு இடத்துக்கு மூன்று நாள் என்று துண்டு துண்டாகப் போனால் எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று தெரிவதற்குள் கிளம்ப வேண்டியதாகிவிடுகிறது. புதிய பாடத்திட்டத்தில் கடைசி செமஸ்டர் 22 வாரம் முழுக்க களத்தில்தான், அதில் சமுதாய நலத்துக்கு 4 வாரம். இந்த 4 வாரத்தையாவது உடைக்காதீர்கள், ஒரே பி.எச்.சி.யில் விடுங்கள், ஓ.பி., தடுப்பூசி, லேபர் ரூம், ஃபீல்டு, மருந்துக் கிடங்கு, மாதாந்திர ரிப்போர்ட் வரை எல்லாம் பார்க்கட்டும். நான்காவது வாரம் அவர்கள் எங்களுக்கு உதவியாகிவிடுவார்கள், அதை அவர்களும் உணர்வார்கள்.

ஆசிரியர் கூட வர வேண்டும். பத்துப் பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்று விதியில் இருக்கிறது, ஆனால் பல நாள் வேன் டிரைவர்தான் பொறுப்பாசிரியர். கூட வருகிற ஆசிரியரும் ஒரு ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இன்டர்னல் மார்க் போட்டுக்கொண்டிருந்தால் பயன் இல்லை, அவர் எங்களோடு சேர்ந்து ஒரு நோயாளியைப் பார்க்க வேண்டும், பிள்ளைகள் அதைப் பார்க்க வேண்டும். பி.எச்.சி.யில் வேலையே பார்க்காத ஆசிரியர் பி.எச்.சி.யை மதித்துப் பேசுவது கஷ்டம். இதை யாரையும் புண்படுத்தச் சொல்லவில்லை, உங்கள் இளம் ஆசிரியைகளையும் வருடத்தில் ஒரு மாதம் இங்கே அனுப்புங்கள் என்று கேட்கிறேன்.

அப்புறம், எங்களையும் கொஞ்சம் கேளுங்கள். போஸ்டிங் ஆர்டர் எங்கள் டாக்டருக்கு வரும், சில நேரம் வேன் வந்து நின்ற பிறகுதான் எங்களுக்குத் தெரியும். எந்த வருடப் பிள்ளைகள், என்ன தெரியும், என்ன செய்ய விடலாம், ஒன்றும் தெரியாது. அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காக எங்கள் வேலையில் ஒரு மணி நேரம் கூடக் குறைவதில்லை. வி.எச்.என். அக்காக்களைக் கேட்கவே வேண்டாம், கையில் ரெஜிஸ்டர், டேப், போனில் மீட்டிங், அதற்கு நடுவில் பத்துப் பிள்ளைகள் பின்னாலேயே வந்தால் என்ன செய்வார்? ஒவ்வொரு இடத்திலும் ஒரு நர்ஸைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள். அவருக்கு ஒரு நாள் பயிற்சி கொடுங்கள், அவர் சர்வீஸ் பதிவில் அது ஏறும்படி செய்யுங்கள், கல்லூரியின் மதிப்பெண்ணில் அவர் சொல்வதற்கும் ஒரு பங்கு கொடுங்கள். அஃபிலியேஷன் என்று கட்டுகிற பணத்தில் ஒரு சிறு பகுதியைப் பிள்ளைகளுக்கு ஒரு அறைக்கும், ஒரு கழிவறைக்கும், லாக்கருக்கும் செலவிடும்படி கவுன்சில் உத்தரவு போடலாம். படிப்பு முடித்துப் போகும்போது, இத்தனை மணி நேரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில், இத்தனை மணி நேரம் மாவட்ட மருத்துவமனையில், இன்னின்ன வேலை தனியாகச் செய்தார் என்று இடவாரியாக ஒரு நல்ல சான்றிதழ் கொடுங்கள். வெளிநாட்டு ஏஜென்சிக்காரன் மதிக்கிறானோ இல்லையோ, இங்கே எம்.ஆர்.பி.யும் நல்ல மருத்துவமனைகளும் மதிக்கத் தொடங்கட்டும்.

என் சக நர்ஸ்களுக்கும் ஒரு வார்த்தை. நம்மிடம் வருகிற பிள்ளையைப் "ஸ்டூடன்ட்" என்று கூப்பிடாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். லேப் சாம்பிள் கொண்டுபோய்க் கொடுக்க மட்டும் அனுப்பாதீர்கள். அவளையும் ஓவரில் நிற்க விடுங்கள். நம் எல்லோரையும் ஏதோ ஒரு வார்டில் ஒரு சிஸ்டர் அப்படிப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டதால்தான் நாம் இந்த வேலையில் இருக்கிறோம்.

அடுத்த பேட்ச்சுக்குப் போஸ்டிங் ப்ளான் போடும் முன் உங்களில் யாராவது ஒரு முதல்வர் எங்கள் மாதிரி ஒரு பி.எச்.சி.க்கு நேரில் வந்து, பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள், யாரோடு போவார்கள், என்ன செய்வார்கள் என்று எங்களோடு சேர்ந்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். புதன்கிழமை தடுப்பூசி நாள், அன்று பேச நேரம் கிடைக்காது. வியாழக்கிழமை மதியம் ஓ.பி. முடிந்ததும் வந்தால் வி.எச்.என். அக்காக்களையும் உட்கார வைத்துப் பேசலாம், உங்கள் கல்லூரியிலிருந்து கடைசியாக இங்கே வந்துபோன பிள்ளைகளில் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
டெல்டா மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலைய ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தி